வேலை போனது, பணம் வரவில்லை: பிஎஃப், இஎஸ்ஐ சிக்கல்களை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிலாளர்களுக்கு பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) விண்ணப்பங்களைப் போட்டுக் கொடுத்து வருகிறேன். வேலை போய், கையிருப்பும் கரைந்த நிலையில் வருகிறவர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "சார், என் பணம் எங்கே நிற்கிறது?" அதற்குத் திட்டவட்டமான பதில் எப்போதும் உண்டு. பணம் நிறுவனத்திடம் நிற்கும், அல்லது பெயர்ப் பொருத்தத்தில், அல்லது வங்கியில், அல்லது அலுவலர் மேசையில். எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலான சிக்கல்களை வீட்டிலிருந்தபடியே செலவில்லாமல் தீர்த்துக்கொள்ளலாம். வருகிற பணத்தில் பங்கு கேட்கும் தரகரிடம் யாரும் போய் நிற்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய சோதனை முதலில் வரும், அலைச்சலும் செலவும் பிடிக்கும் வழி கடைசியில் வரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

12 இலக்க யுஏஎன் (நிறுவனம் மாறினாலும் தொடரும் பிஎஃப் எண்), 10 இலக்க இஎஸ்ஐ எண், கடைசி ஓராண்டுச் சம்பளச் சீட்டுகள், வங்கிப் பாஸ்புக், ஆதார், பான். இவற்றைவிட முக்கியமானது, ஆதாருடன் இணைந்த செல்போன் எண். வேலை போன வீட்டில் முதலில் நிற்பது ரீசார்ஜ். சில மாதம் விட்டால் சிம் செயலிழந்துவிடும், ஓடிபி வராது, எந்த விண்ணப்பமும் நகராது. எவ்வளவு நெருக்கடியானாலும் அந்த ஓர் எண்ணை மட்டும் உயிரோடு வைத்திருங்கள். போய்விட்டது என்றால் ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய்ப் புது எண்ணைச் சேர்த்துவிட்டு வாருங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

## அறிகுறி 1: கைக்கு வரும் சம்பளம் திடீரென்று குறைந்திருக்கிறது

இது வேலையில் இருக்கும்போதே வரும் அறிகுறி. வேலை போன பிறகு வரும் தொல்லைகளில் பல, இங்கேயே கண்ணில் பட்டிருக்க வேண்டியவை.

ஒரு சம்பளச் சீட்டை எடுத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 14,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி முதலியவை 4,000, மொத்தம் 18,000. பிஎஃப் பிடித்தம் 14,000-இல் 12 விழுக்காடு, அதாவது 1,680. இஎஸ்ஐ பிடித்தம் 18,000-இல் 0.75 விழுக்காடு, அதாவது 135. கைக்கு 16,185 வர வேண்டும். உங்கள் சீட்டில் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். பொருந்தவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள்.

தொழில் வரியா? தமிழ்நாட்டில் இதை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒரு முறை வசூலிக்கின்றன. மாதாமாதம் பிடிக்காத நிறுவனங்கள் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு முறையும் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு முறையும் மொத்தமாகப் பிடிக்கும். ஆண்டுக்கு 2,500 ரூபாய்தான் உச்ச வரம்பு, ஆகவே அரையாண்டுக்கு 1,250-ஐத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன சம்பளக்காரருக்கு அந்த ஒரு மாதம் மட்டும் 14,935 வந்தால் அது பிழையன்று.

பிஎஃப் பிடித்தம் கூடியிருக்கிறதா? அடிப்படைச் சம்பளத்தை உயர்த்திப் படிகளைக் குறைத்திருப்பார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, ஊதியக் கணக்கிலிருந்து விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையும் ஊதியமாகவே கணக்கிடப்படும். இப்படிக் கூடும் பிடித்தம் உங்கள் கணக்கில்தான் சேர்கிறது, இழப்பில்லை.

பிஎஃப் என்று இரண்டு வரிகள் பிடித்தத்தில் இருக்கின்றனவா? இங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். நிறுவனத்தின் பங்கை உங்கள் சம்பளத்திலிருந்து பிடிப்பது சட்டப்படி தவறு. வேலைக்குச் சேரும்போது சொன்ன ஆண்டுத் தொகுப்பில் நிறுவனப் பங்கையும் சேர்த்துக் காட்டுவது வழக்கம், அது வேறு. ஆனால் மாதச் சீட்டில் மொத்தச் சம்பளமாகக் காட்டிய தொகையிலிருந்து 1,680 இரண்டு முறை கழிந்திருந்தால் கணக்குப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள்.

இஎஸ்ஐ நின்றுவிட்டதா? சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இஎஸ்ஐ வரம்பிலிருந்து வெளியேறுவீர்கள். ஆனால் தாண்டிய மாதமே அல்ல. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்ற பங்களிப்புக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடர வேண்டும். இடையில் நிறுத்தியிருந்தால் பின்னால் வேலையின்மை உதவி கேட்கும்போது நாள் கணக்கு குறையும்.

அபராதம், முன்பணம், கேன்டீன், சீருடை என்று எத்தனை பெயர் வைத்தாலும் ஒரு சம்பளக் காலத்தில் மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால், அல்லது எழுத்தில் கேட்டும் விளக்கம் வரவில்லை என்றால், தொழிலாளர் நலத்துறையின் உதவி ஆணையர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வேண்டிய கட்டம் இது.

## அறிகுறி 2: சீட்டில் பிடித்தம் இருக்கிறது, பிஎஃப் பாஸ்புக்கில் வரவில்லை

முதலில் தேதியைப் பாருங்கள். ஒரு மாதப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டினால் போதும். பாஸ்புக்கில் ஏறுவதற்கு இன்னும் சில நாள் பிடிக்கும். பதிவான செல்போனிலிருந்து 99660 44425 என்ற எண்ணுக்குத் தவறிய அழைப்பு கொடுத்தாலும் கடைசியாக வந்த தொகை குறுஞ்செய்தியாக வரும்.

அடுத்து, வேறு நிறுவனப் பெயரில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலை வாசலில் ஒரு பெயர் இருக்கும், உங்களை வேலைக்கு வைத்த ஒப்பந்ததாரர் பெயர் வேறாக இருக்கும். பாஸ்புக்கில் ஒப்பந்ததாரர் பெயர்தான் வரும். சேரும்போது பழைய யுஏஎன் எண்ணைச் சொல்லாதவர்களுக்குப் புதிதாக இன்னொரு எண் போட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்ற விண்ணப்பித்தால் போதும்.

இரண்டும் இல்லை என்றால் பிஎஃப் தளத்தில் நிறுவனத் தேடல் என்ற பகுதிக்குப் போங்கள். கடவுச்சொல் தேவையில்லை. நிறுவனப் பெயரைக் கொடுத்தால் எந்த மாதத்துக்கு எவ்வளவு கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று தெரியும். எல்லாருக்கும் கட்டி உங்களை மட்டும் விட்டிருந்தால் அது எழுத்தர் பிழை, பேசித் தீர்க்கலாம். யாருக்குமே கட்டவில்லை என்றால் பேசிக்கொண்டிருப்பதில் பயனில்லை. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். சம்பளச் சீட்டு, வங்கிப் பதிவு, பாஸ்புக் மூன்றின் நகல்களோடு மண்டல பிஎஃப் அலுவலகத்துக்குப் புகார் போக வேண்டும். தனியாகப் போகாதீர்கள். ஒரே நிலையில் உள்ள பலர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுக்கும் மனுவுக்கு வலு அதிகம்.

ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒன்று: ஒப்பந்ததாரர் கட்டாமல் ஓடிவிட்டால் உங்கள் பணம் போய்விட்டதாக நினைக்காதீர்கள். ஒப்பந்ததாரர் மூலம் உங்களிடம் வேலை வாங்கிய முதன்மை நிறுவனம்தான் பொறுப்பு. புகாரில் அதன் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். வாசலுக்குள் நுழைந்த அடையாள அட்டை இதற்குச் சான்றாக உதவும், வேலை முடிந்த நாளில் அதன் படமொன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 3: விண்ணப்பிக்கவே முடியவில்லை

முழுத் தொகைக்கான படிவம் 19, ஓய்வூதியப் பங்குக்கான படிவம் 10சி ஆகியவை பிஎஃப் தளத்தில் காட்டப்படாமல், முன்பணத்துக்கான படிவம் 31 மட்டும் வருகிறது. பெரும்பாலும் வேலையை விட்ட தேதி பதிவாகவில்லை என்பதுதான் காரணம். நிறுவனம் பதிய வேண்டும். பதியவில்லை என்றால், கடைசிப் பங்களிப்பு வந்து 2 மாதம் கழிந்த பின் நீங்களே ஆதார் ஓடிபி மூலம் பதியலாம். கடைசிப் பங்களிப்பு வந்த மாதத்துக்குள் ஒரு தேதியைக் கொடுங்கள், இல்லையென்றால் தளம் ஏற்காது. அவசரத்தில் தவறான தேதி போட்டுவிட்டால் திருத்துவது தனி வேலை. ஆகவே கடைசிச் சம்பளச் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதியுங்கள்.

தேதி இருந்தும் காட்டவில்லை என்றால் காத்திருப்புக் காலத்தைக் கவனியுங்கள். வேலையிழந்து ஒரு மாதத்தில் 75 விழுக்காடு, 2 மாதத்தில் மீதியும் என்பது பலருக்கும் பழகிய விதி. 2025 அக்டோபரில் கூடிய பிஎஃப் அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது: வேலையிழந்ததும் 75 விழுக்காடு, மீதி 25 விழுக்காட்டுக்கு ஓராண்டு, ஓய்வூதியப் பங்குக்கு 36 மாதம். நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் தளம் காட்டும் காலத்தையே நம்பித் திட்டமிடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் போன ஆண்டு எடுத்த கணக்கை வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

## அறிகுறி 4: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது

நிராகரித்த காரணத்தை முழுதாகப் படியுங்கள். நீளமான ஆங்கில வாக்கியமாக இருக்கும், ஆனால் அதற்குள் இருப்பவை பெரும்பாலும் இரண்டே விஷயங்கள்: பெயர், வங்கி.

பெயர். நம் ஊர் முன்னெழுத்துதான் இங்கே பெரும்பாடு படுத்துகிறது. பள்ளிச் சான்றிதழில் செ. முருகன், ஆதாரில் முருகன் செ, பான் அட்டையில் முருகன் செல்வராஜ். பான் அட்டை முன்னெழுத்தை ஏற்காமல் விரித்து எழுதச் சொல்வதால் தகப்பனார் பெயர் முழுதாக வந்து ஒட்டிக்கொள்கிறது. மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. முதலில் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்; பிஎஃப் பதிவை அதற்கேற்ப மாற்றுங்கள். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு, ஆதார் சரிபார்ப்புடன் கிடைத்த யுஏஎன் என்றால் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், சேர்ந்த தேதி, விட்ட தேதி ஆகியவற்றை நிறுவனத்தின் ஒப்புதல் இல்லாமலேயே நீங்கள் திருத்தலாம். இந்த வசதி 2025 ஜனவரியில் வந்தது. அதற்கு முந்தைய எண் என்றால் நீங்களும் நிறுவனமும் சேர்ந்து தரும் கூட்டு உறுதிமொழி வேண்டும், நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும்.

நிறுவனம் மூடிக் கிடக்கிறது, ஒப்புதல் தர ஆளே இல்லை என்றால் இந்த இடத்தில் வீட்டு வைத்தியம் முடிகிறது. ஆவணங்களோடு பிஎஃப் அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை ராயப்பேட்டை, அம்பத்தூர், தாம்பரம், வேலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவிலில் அலுவலகங்கள் உண்டு. உங்கள் வீட்டுக்கு அருகில் உள்ளதைத் தேடாதீர்கள். உங்கள் கணக்கு எந்த அலுவலகத்தின் கீழ் இருக்கிறது என்று பாஸ்புக்கில் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுங்கள்.

வங்கி. வங்கி இணைப்புகளால், கிளையைக் குறிக்கும் ஐஎஃப்எஸ்சி குறியீடு மாறியது பலருக்குத் தெரிவதில்லை. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்தது. பழைய குறியீடு பிஎஃப் பதிவில் கிடந்தால் பணம் போய்ச் சேராது. புதிய பாஸ்புக்கைப் பார்த்து மாற்றுங்கள். 2025 ஏப்ரல் முதல் காசோலைப் படம் ஏற்றுவதும், வங்கிக் கணக்கை இணைக்க நிறுவனத்தின் ஒப்புதலும் தேவையில்லை. முடிந்தவரை தனி ஒருவர் பெயரில் உள்ள கணக்கையே கொடுங்கள்.

## அறிகுறி 5: முடிந்தது என்று காட்டுகிறது, வங்கியில் பணம் இல்லை

வயிற்றைக் கலக்கும் நிலைமை இது. பிஎஃப் பாஸ்புக்கில் பணம் கழிந்திருக்கும், வங்கியில் வந்திருக்காது. பதறாதீர்கள், பணம் தொலைவதில்லை. வங்கி ஏற்கவில்லை என்றால் அது பிஎஃப் அலுவலகத்துக்கே திரும்பும்.

மூன்று, நான்கு வேலை நாள் பொறுத்துவிட்டு வங்கிப் பாஸ்புக்கைப் பதிந்து பாருங்கள், குறுஞ்செய்தியை நம்பாதீர்கள். அப்போதும் இல்லை என்றால் வங்கியில் கேட்க வேண்டிய கேள்வி: "என் கணக்கு செயல்பாட்டில் இருக்கிறதா, வரவுக்கு ஏதாவது வரம்பு இருக்கிறதா?" சம்பளம் நின்று நீண்ட காலம் தொடாமல் விட்ட கணக்கு முடங்கியிருக்கலாம். முழு ஆவணம் கொடுக்காமல் தொடங்கிய சிறு கணக்கு என்றால் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஓராண்டு வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. பல ஆண்டு உழைப்பின் பணம் ஒரே நாளில் அந்தக் கணக்கில் இறங்கும்போது வங்கி திருப்பி அனுப்புகிறது. ஆதார், பான் கொடுத்து முழுக் கணக்காக மாற்றிக்கொண்டால் இது தீரும்.

கணக்கைச் சரிசெய்த பின், தொகையை மறுபடி அனுப்பக் கோரிப் பிஎஃப் குறைதீர்ப்புத் தளத்தில் மனு போடுங்கள். விண்ணப்ப எண், தொகை, சரிசெய்த கணக்கின் விவரம் மூன்றும் மனுவில் இருக்கட்டும். புதிதாக இன்னொரு விண்ணப்பம் போட வேண்டாம், அது குழப்பத்தைத்தான் கூட்டும்.

## அறிகுறி 6: பரிசீலனையில் என்றே வாரக்கணக்கில் காட்டுகிறது

விதிப்படி 20 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தக்க காரணமின்றி அதைத் தாண்டினால் தாமதக் காலத்துக்கு 12 விழுக்காடு வட்டி உண்டு, அதை ஆணையர் சம்பளத்திலிருந்து பிடிக்கவும் இடமிருக்கிறது. 20 நாள் முடியும்வரை பொறுங்கள். 21-ஆம் நாள் குறைதீர்ப்புத் தளத்தில் மனு, அதில் 20 நாள் விதியைக் குறிப்பிட்டு ஒரு வரி. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பிஎஃப் குறைகேட்பு முகாம் நடக்கிறது. அங்கே மனு எண்ணோடு போனால் அலுவலரே கோப்பைத் திறந்து பார்ப்பார். எதற்கும் பதில் இல்லாதபோது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிஎஃப் உறுப்பினரும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அந்தக் கட்டத்தில் வழக்கறிஞரிடமோ மாவட்டச் சட்ட உதவி மையத்திலோ கேளுங்கள்.

## அறிகுறி 7: பணம் வந்தது, ஆனால் குறைவாக

முதல் உதாரணத்துக்கே திரும்பிப் பாருங்கள். நிறுவனத்தின் பங்கும் 1,680தான். ஆனால் அதில் 1,166 ரூபாய் ஓய்வூதிய நிதிக்குப் போகிறது, 514 மட்டுமே பிஎஃப் கணக்கில் சேர்கிறது. படிவம் 19 மட்டும் போட்டவருக்கு ஓய்வூதியப் பங்கு வராது. படிவம் 10சி தனியாகப் போட வேண்டும். அதிலும் கட்டிய தொகை அப்படியே வராது, பணியாற்றிய காலத்துக்கு ஒரு அட்டவணைப்படி கணக்கிட்டுத் தருவார்கள்.

10 ஆண்டை நெருங்கியவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: 10சி போட்டு அந்தப் பணத்தை எடுக்காதீர்கள். 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் மாத ஓய்வூதியம் உண்டு. இதுவரையிலான சேவையைக் காட்டும் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்து, அடுத்த வேலையில் தொடருங்கள்.

வரி இன்னொரு காரணம். தொடர்ச்சியாக 5 ஆண்டு ஆகாமல் 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் எடுத்தால் 10 விழுக்காடு பிடிப்பார்கள். பான் இணைக்கவில்லை என்றால் 20 விழுக்காடு. முந்தைய நிறுவனக் கணக்கை மாற்றிச் சேர்த்திருந்தால் அந்த ஆண்டுகளும் எண்ணப்படும், ஆகவே மாற்றல் விண்ணப்பத்தை முதலில் முடியுங்கள். நிறுவனம் தொழிலை மூடியதாலோ உடல்நலக் குறைவாலோ வேலை போயிருந்தால் இந்த வரி பொருந்தாது. பிடித்துவிட்டார்கள் என்றாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அதற்கு மட்டும் கணக்கு தெரிந்தவரின் உதவியை நாடுவது நல்லது.

## அறிகுறி 8: இஎஸ்ஐ வேலையின்மை உதவி வரவில்லை

இரண்டு திட்டங்கள் உண்டு, பலர் ஒன்றை மற்றொன்று என்று நினைத்துத் தவறான படிவத்தைக் கொடுக்கிறார்கள்.

அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் 2018 ஜூலையில் வந்தது. சராசரி நாள் ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு, வாழ்நாளில் ஒரு முறை. காலநீட்டிப்பு பெற்றுப் பெற்று நடக்கும் திட்டம் என்பதால், நீட்டிப்பு நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். தள்ளுபடி ஆவது பெரும்பாலும் நாள் கணக்கில்தான்: குறைந்தது 2 ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், வேலை போவதற்கு நேர் முந்தைய பங்களிப்புக் காலத்தில் 78 நாள், அந்த 2 ஆண்டின் மற்ற மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். சம்பளமில்லா விடுப்பு நாள்கள் இதில் சேராது. சீட்டுகளை எடுத்து நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தொகையையும் முன்னமே கணக்கிடலாம். நான்கு பங்களிப்புக் காலங்களின் மொத்த ஊதியத்தை 730-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 18,000 வீதம் 24 மாதத்துக்கு 4,32,000; நாளுக்குச் சுமார் 592; அதில் பாதி 296. 90 நாளுக்கு ஏறத்தாழ 26,600 ரூபாய். இடையில் சம்பளமில்லாத மாதங்கள் இருந்தால் வகுக்கும் எண் குறையாது, தொகைதான் குறையும்.

ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டம் இதைவிடப் பெரியது: 24 மாதம், முதல் 12 மாதத்துக்கு 50 விழுக்காடு, அடுத்த 12 மாதத்துக்கு 25 விழுக்காடு. ஆனால் ஆலை மூடல், ஆட்குறைப்பு, அல்லது வேலைக்குத் தொடர்பில்லாத காயத்தால் வந்த 40 விழுக்காட்டுக்குக் குறையாத நிரந்தர உடல் இயலாமை ஆகியவற்றுக்கு மட்டுமே கிடைக்கும். இங்கேதான் தொழிலாளர்கள் பெரிதும் ஏமாற்றப்படுகிறார்கள். ஆட்குறைப்பு செய்துவிட்டு, "ராஜினாமா எழுதிக் கொடுத்தால் கணக்கை இன்றே முடித்துத் தருகிறோம்" என்பார்கள். எழுதிக் கொடுத்தால் இந்த உதவிக்கான பிடிமானம் போய்விடும். சம்பள பாக்கிக்கு ராஜினாமா எழுத வேண்டிய அவசியமே இல்லை. நீக்கினாலும் விலகினாலும் 2 வேலை நாளுக்குள் கொடுப்பது சட்டம். நிறுவனம் இஎஸ்ஐ தளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே வேலை நின்ற காரணத்தையும் பதிகிறது. ஆட்குறைப்பு என்று பதிந்தார்களா, பணி விலகல் என்று பதிந்தார்களா என்று கிளை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். தவறாகப் பதிந்திருந்தால், அல்லது மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அன்றே தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் வழக்கறிஞரையோ பாருங்கள். நாள் கடத்தக் கூடாத ஒரே அறிகுறி இதுதான்.

பணம் வரும்வரை மருத்துவச் செலவுக்குப் பயந்து இருக்க வேண்டாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்பு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரையும், அக்டோபர் முதல் மார்ச் வரையிலான பங்களிப்பு அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரையும் பயன்தரும். வேலை போன பிறகும் அந்தக் காலம் முடியும்வரை அடையாள அட்டையோடு இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போகலாம், வீட்டாரையும் அழைத்துப் போகலாம்.